லண்டன் பப்ல இந்தியன் கார்டு குடுக்குறவங்க கவனம்

ஊர்ல இருந்து அப்பா அம்மா, ஃப்ரெண்டுன்னு யாராச்சும் லண்டன் வந்து அவங்கள பப்புக்கு சாப்பிட கூட்டிட்டு போறதா இருந்தா இத படிச்சுட்டு போங்க.

போன ஞாயித்துக்கிழமை வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம், சென்னைல இருந்து வந்திருந்த காலேஜ் ஃப்ரெண்டோட ஒரு பப்ல லன்ச். பழைய மரம், பித்தளை குழாய்னு பாக்க சூப்பரா இருந்துச்சு. பப்ல பெரும்பாலும் டேபிளுக்கு யாரும் வர மாட்டாங்க, நாமளே பார்ல போய் டேபிள் நம்பர் சொல்லி ஆர்டர் பண்ணி அங்கயே காசு கட்டணும். நான் இடம் புடிச்சு உக்காந்திருந்தேன், "இன்னைக்கு என் செலவுடா"ன்னு அவன்தான் போனான். ரெண்டு ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ரெண்டு பைன்ட் பீர், 51 பவுண்டு சொச்சம் வரணும்.

அவன் திரும்பி வந்து உக்கார்றதுக்குள்ள அவன் பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ். பவுண்டுல இல்ல, ரூபாயில. ஏழாயிரத்த ஒட்டி ஒரு தொகை. என்னடா இதுன்னு கேட்டா, "அந்த ஆளே மெஷின்ல என்னமோ அமுக்கிட்டு இங்க தட்டுங்கன்னு நீட்டுனான், தட்டிட்டேன்"ங்குறான். ரசீது குடுக்கவே இல்ல. நான் போய் கேட்டு வாங்கினேன்.

பாத்தா ரெண்டு வேலை நடந்திருக்கு. ஒண்ணு, 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 6.39 பவுண்டு. யாரு சர்வீஸ் பண்ணா? அவனே பார்ல நின்னு ஆர்டர் பண்ணி, பீர் கிளாஸையும் அவனே தூக்கிட்டு வந்தான்! அடியில பொடி எழுத்துல "விருப்பப்பட்டா மட்டும்"னு வேற போட்டிருக்கு, ஆனா விருப்பமான்னு யாரும் கேக்கல.

ரெண்டாவதுதான் மோசம். வெளிநாட்டு கார்டு போட்டா மெஷின் பவுண்டா ரூபாயான்னு கேக்கும். ரூபாய அமுக்கினா ரேட்ட முடிவு பண்றது நம்ம பேங்க் இல்ல, அந்த மெஷின் பின்னாடி இருக்க கம்பெனி, அவனுக்கு லாபம் வச்சுத்தான் போடுவான், சில சமயம் கடைக்கும் அதுல பங்கு போகும். எங்களுக்கு மார்க்கெட் ரேட்ட விட பவுண்டுக்கு ஆறு ரூபா கிட்ட கூட, மொத்தத்துல முந்நூறுக்கு மேல போச்சு. ரூபாயில போனாலும் வெளிநாட்டு கடைங்குறதால நம்மூர் பேங்க் சிலது அதுக்கு தனியா ஒரு கட்டணமும் புடிக்கும். எத அமுக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது கார்டு வச்சிருக்கவங்கதான், விசா மாஸ்டர்கார்டு விதியே அதுதான். கொடுமை என்னன்னா ரசீதுல "எனக்கு கரன்சி தேர்வு வழங்கப்பட்டது"ங்குற அர்த்தத்துல ஒரு வரி அச்சடிச்சே வருது.

மேனேஜர கூப்ட்டு பேசினேன். சர்வீஸ் சார்ஜ் முழுக்க ஸ்டாஃபுக்குத்தான் போகுதுன்னு பெருமையா சொன்னாரு. 2024 அக்டோபர்ல இருந்து அது சட்டமே, அவர் தயவு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் குரல் ஏத்துனதும் 6.39ஐ காசா எடுத்து குடுத்துட்டாரு. ரூபா மேட்டருக்கு மட்டும் "மெஷின் தானா பண்ணுது"ன்னு ஒரே பாட்டு. கேன்சல் பண்ணிட்டு பவுண்டுல திரும்ப போடுங்கன்னா, சிஸ்டத்துல முடியாதாம்.

இந்த பஞ்சாயத்து முடிஞ்சு வந்தப்புறமும் சாப்பாடு வரல, முக்கா மணி நேரம் கழிச்சு வந்துச்சு. மீன் மேல மாவு தொளதொளன்னு, சிப்ஸ் ஜில்லுன்னு. பீர்ல ரெண்டு விரல் உசரம் நுரை. பைன்ட்னா 568 மில்லி, அதுல நுரை 5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்குறது இங்க பப் தொழில் சங்கத்தோட வழிகாட்டுதலே, டாப் அப் கேட்டா ஊத்தித் தரணும். அத மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு ஊத்தினாங்க.

கார்ட கையில இருந்து விடாதீங்க, மெஷின நம்ம பக்கம் திருப்ப சொல்லி ஸ்கிரீன்ல பவுண்டு குறி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் தட்டுங்க. ரூபான்னு வந்துட்டா அங்கயே கேன்சல் பண்ண சொல்லுங்க, ரசீத தூக்கி போட்றாதீங்க. அத வச்சுதான் ஃப்ரெண்டு பேங்க்ல டிஸ்ப்யூட் (இந்த கணக்கு தப்புன்னு புகார்) போட்டிருக்கான், இன்னும் பதில் வரல. நான் சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்குற இலவச ஆலோசனை அமைப்போட நுகர்வோர் லைன்ல, 0808 223 1133, சொல்லி வச்சிருக்கேன், அவங்க கடைகள கண்காணிக்குற உள்ளாட்சி பிரிவான ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவாங்க.

பப் பேரு வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க.