செத்த கன்ட்ரோலருக்குப் பதில் எதைச் செருகுவது?

டிஸ்க் ஒன்று போனால் யாரும் பதறுவதில்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி செய்கிற ரெய்டு போடுவதே அதற்காகத்தான். ஆரஞ்சு விளக்கு எரிகிற டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். அத்தனை டிஸ்க்கையும் கட்டி மேய்க்கிற கன்ட்ரோலர் கார்டே போனால்தான் வயிறு கலங்கும். பன்னிரண்டு டிஸ்க்கும் நலமாகச் சுழன்றுகொண்டிருக்கும், ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது.

அந்த நேரத்தில் மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரியும். அதே மாடல் கார்டைத் தேடிப் போடுவது. அதே நிறுவனத்தின் புதிய தலைமுறைக் கார்டுக்குத் தாவுவது. ரெய்டு கார்டே வேண்டாம் என்று வெறும் எச்பிஏ (டிஸ்க்கைச் சர்வரோடு இணைப்பதோடு நிற்கிற கார்டு) போட்டு, ரெய்டு வேலையை இயங்குதளமே பார்க்கிற மென்பொருள் ரெய்டுக்கு மாறுவது. ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு கன்ட்ரோலர் உள்ள தனி டிஸ்க் பெட்டி, அதாவது இரட்டைக் கன்ட்ரோலர் ஸ்டோரேஜ், வைத்திருப்பவர்கள் பாடு தனி; அதைக் கடைசியில் பார்ப்போம்.

எது உசத்தி என்ற சண்டைக்கு முன்னால் இரண்டு கேள்விகள். முதலாவது, வரைபடம் எங்கே இருக்கிறது? எந்த டிஸ்க் எத்தனையாவது, தரவைத் துண்டுபோட்டுப் பரப்பும் ஸ்ட்ரைப் அளவு 64 கேபியா 256 கேபியா, இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டி எந்த வரிசையில் சுற்றுகிறது என்ற விவரமெல்லாம் கார்டின் தலைக்குள் மட்டும் இருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று அது ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும். டிடிஎஃப் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கார்டுகள் டிஸ்க்கின் கடைசிப் பிளாக்கில் அடையாளம் வைக்கின்றன. லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டு, 1.2 வடிவத்தில், தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி வைக்கிறது. கோப்பு முறைமையும் மென்பொருள் ரெய்டும் ஒன்றாகச் சேர்ந்த இசட்எஃப்எஸ் இன்னும் உஷார்: டிஸ்க்குக்கு நான்கு பிரதிகள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஆக, கார்டு செத்தாலும் வரைபடம் சாகாது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

இரண்டாவது, சாகும்போது கார்டு வாயில் என்ன வைத்திருந்தது? கார்டின் தற்காலிக நினைவகமான கேஷ், ரைட்-பேக் முறையில் ஓடிக்கொண்டிருந்தால், 'எழுதிவிட்டேன்' என்று சர்வருக்குச் சொல்லிவிட்டு டிஸ்க்கில் இன்னும் எழுதாத தரவு கொஞ்சம் அதனுள் இருக்கும். பேட்டரி வைத்த பழைய கார்டில் அது சில நாள்தான் தாங்கும். மின்தேக்கியும் ஃபிளாஷும் சேர்ந்த புதிய வகையில் ஃபிளாஷுக்கு இறங்கிவிடும். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சில மாடல்களில் அந்தக் கேஷ் மாட்யூலைக் கழற்றி மாற்றுக் கார்டில் பொருத்தலாம். செத்த கார்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி ஒப்பீடு. என் ஓட்டு, பெரும்பாலான இரவுகளில், அதே மாடல் கார்டுக்கே. கவர்ச்சி இல்லாத பதில்தான். ஆனால் மாறுவது ஒரே ஒரு பொருள். கேபிள், டிரைவர், டிஸ்க், இயங்குதளம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கார்டு டிஸ்க்குகளைப் பார்த்ததும், இது என் வீட்டுப் பிள்ளை இல்லையே என்கிற தொனியில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று அறிவிக்கும். மெனுவில் 'இம்போர்ட்', அதற்கு அடுத்த வரியிலேயே 'கிளியர்'. இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவரைச் சந்தித்தால் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு. கிளியரை அழுத்தினால் தரவு அழியாது, வரைபடம் அழிந்துவிடும். பிறகு டிஸ்க் வரிசை, ஸ்ட்ரைப் அளவு எல்லாம் பிசகாமல் அதே ரெய்டைத் திரும்ப உருவாக்கி, இனிஷியலைஸ் (டிஸ்க்கை வெறுமையாக்குவது) செய்யாமல் விட வேண்டும். நடக்கும்தான், ஆனால் அந்த மன உளைச்சல் எதிரிக்கும் வேண்டாம்.

இந்த வழியிலும் முள் உண்டு. ஒருமுறை நான் போட்டது வேறு சர்வரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்த கார்டு. மாடல் எண் அச்சு அசலாக ஒன்றுதான். பூட் ஆகும்போது, காணாமல் போன விர்ச்சுவல் டிரைவுக்கான (ரெய்டு ஒரே டிஸ்க்காகக் காட்டும் தொகுப்பு) தரவு கேஷில் இருக்கிறது, கேபிள்களைச் சரிபார் என்று நின்றுவிட்டது. இம்போர்ட் பக்கத்துக்கே விடவில்லை. அந்தக் கேஷை விட்டொழித்தால்தான் மேலே போகலாம். என் தரவையா அழிக்கச் சொல்கிறது என்று கை நடுங்கியது. கார்டைக் கழற்றி விளக்கில் காட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது: பழைய கார்டின் கேஷ் மாட்யூலை நான் மாற்றவே இல்லை, அது மேஜை மேல் கிடந்தது. இதில் இருந்தது முந்தைய சர்வரின் எச்சில். விட்டொழித்தேன், பிறகுதான் இம்போர்ட் வந்தது. அன்றிலிருந்து உதிரிக் கார்டை முதலில் டிஸ்க் எதுவும் இல்லாத இயந்திரத்தில் போட்டு, பழைய கேஷைக் காலி செய்து, கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் ஓடுகிற கார்டின் பதிப்புக்குக் கொண்டுவந்துதான் பெட்டியில் வைக்கிறேன்.

புதிய தலைமுறைக் கார்டைப் பொறுத்தவரை, ஒரே குடும்பத்துக்குள் பழையதிலிருந்து புதியதற்கு ஏறுவது பொதுவாக நடக்கும், இறங்குவது நடக்காது. அதாவது, புதுக் கார்டு வரைபடத்தைத் தன் பாணியில் திருத்தி எழுதிவிட்டால் பழைய கார்டுக்குத் திரும்பும் பாலம் எரிந்தது. கேபிளும் பொருந்தாமல் போகலாம்: 6 கிகாபிட் கார்டுகளில் பரவலாக இருந்த எஸ்எஃப்எஃப்-8087 முனை, 12 கிகாபிட் கார்டுகளில் எஸ்எஃப்எஃப்-8643 ஆகிவிட்டது. புதுக் கார்டின் டிரைவர் பழைய இயங்குதளத்தில் இல்லாவிட்டால் ரெய்டு நலமாக இருந்தும் சர்வர் பூட் ஆகாது. மறுபக்கமும் உண்டு: 2019-ல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8, எஸ்ஏஎஸ்2008 சிப் கார்டுகளுக்கான ஆதரவையே எடுத்துவிட்டது. இயங்குதளத்தை உயர்த்தும் திட்டம் இருந்தால் பழைய மாடலையே தேடிப் பிடிப்பது வீண் வேலை.

மூன்றாவது வழி என் மனசுக்குப் பிடித்தது, ஆனால் அந்த இரவுக்கு உதவாதது. எச்பிஏ செத்தால் வேறு எந்த எச்பிஏவையும் போடலாம்; எம்டி ரெய்டுக்கு ஒரு அசெம்பிள் கட்டளை, இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு இம்போர்ட் கட்டளை, அவ்வளவுதான். மாடல் எண்ணைத் தேடி அலைவதே இல்லை. கேஷ் மாட்யூல் என்ற தலைவலியும் போகிறது; கூடவே அது தந்த எழுத்து வேகமும் போகிறது. ஆனால் ரெய்டு கார்டு எழுதிய டிஸ்க்கை அப்படியே மென்பொருள் ரெய்டாக மாற்றிக்கொள்ள முடியாது. டிடிஎஃப் வடிவத்தை லினக்ஸ் 2009 முதல் ஓரளவு புரிந்துகொள்கிறது. தரவை மீட்டு வெளியே எடுக்க, அதுவும் டிஸ்க்கின் நகலை வைத்து, படிக்க மட்டும் திறந்து முயன்று பார்க்கலாம். அதன் மேல் குடித்தனம் நடத்த வேண்டாம். மற்றபடி பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றுவதுதான். 40 டிபியை நொடிக்கு 1 ஜிபி வேகத்தில் ஏற்றினாலும் 11 மணி நேரம் ஆகும், அந்த வேகம் கடைசிவரை தொய்யாமல் இருந்தால்.

இரட்டைக் கன்ட்ரோலர் பெட்டியில் நிலைமையே வேறு: ஒன்று விழுந்ததும் மற்றது அதன் லன்களை (சர்வருக்கு டிஸ்க்காகக் காட்டப்படும் பகுதிகளை) ஏற்றுக்கொள்ளும். கேஷைக் கண்ணாடிபோல் பிரதியெடுக்கத் துணை இல்லாததால் பல பெட்டிகள், டிஸ்க்கில் எழுதிய பிறகே 'எழுதிவிட்டேன்' என்று சொல்கிற ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிடும். அதனால் வேகம் குறைந்தது என்று புகார் வரும், வரட்டும். இங்கே மாடலைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே இல்லை, அதே மாடல்தான், பெட்டி ஓடும்போதே மாற்றலாம். பல பெட்டிகளில் உயிரோடு இருக்கும் கன்ட்ரோலரே புதியதற்குத் தன் ஃபர்ம்வேரை ஏற்றிவிடும். நெட்ஆப் நிறுவனப் பெட்டிகள் போன்றவற்றில் மட்டும் ஒரு நுணுக்கம்: டிஸ்க்கின் உரிமை கன்ட்ரோலரின் சிஸ்டம் ஐடியோடு கட்டப்பட்டிருப்பதால், புதியதன் ஐடிக்கு உரிமை மாறியதா என்று பார்த்த பிறகே கிவ்பேக் (துணைக் கன்ட்ரோலர் ஏற்றிருந்த வேலையைத் திருப்பித் தருவது) கொடுக்க வேண்டும். மற்றபடி எனக்குள்ள ஒரே பயம், பின்பக்க இருட்டில் செத்த கன்ட்ரோலர் ஏவுக்குப் பதில் ஓடுகிற பியை உருவிவிடுவது. எது என்று அடையாளம் காட்டும் லொகேட் விளக்கை எரியவிட்டு, முன்னால் ஒருவர் திரையைப் பார்த்து 'ஏ' என்று சொல்ல, பின்னால் நிற்பவர் லேபிளைப் படித்துத் திரும்ப 'ஏ' என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க விடுவேன்.