குஞ்சுக்குச் சூடு: பல்பா, கேஸா, கரிச்சட்டியா, அடைக்கோழியா?

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். இன்குபேட்டரில் இன்னொரு முப்பது பொரித்துவிடும். குஞ்சுக்குச் சூடு கொடுக்க ஏற்கெனவே இருக்கிற புரூடரிலேயே சேர்த்து விட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். எதை வைத்துச் சூடு கொடுப்பது என்பதில் செலவழிக்கிற யோசனையில் பாதியை இந்த இடத்தில் செலவழித்தால் போதும். பல்போ கேஸோ, ஒழுங்காக வைத்தால் எல்லாமே வேலை செய்யும். இரண்டு வயதுக் குஞ்சை ஒரே தடுப்பு வட்டத்தில் விடுவதுதான் மூன்றாம் வாரத்தில் கணக்கைக் கேட்கும்.

முதலில் அளவு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்து, இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நான்காம் வாரம் 80. தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டுவதில் பயனில்லை. தரையில் பரப்பும் லிட்டருக்கு, அதாவது உமி, கடலைத்தோல் போன்ற படுக்கைக்கு, இரண்டு அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில், சூடு விழும் வட்டத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். பொரித்த குஞ்சின் உடல் வெப்பம் தாய்க்கோழியைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. மேலே இருப்பது வெறும் பஞ்சு. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் இரண்டு வாரத்தில்தான் ஓரளவு வரும். இறகு நிறைவாக மூட நான்கைந்து வாரம் ஆகும்.

பல்பு

தமிழ்நாட்டில் நூறு குஞ்சுக்குக் கீழே வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பல்பில்தான் தொடங்குகிறார்கள். கணக்கு எளிது: குஞ்சு ஒன்றுக்கு வெயில் காலத்தில் ஒரு வாட், மார்கழி தையில் இரண்டு வாட். நூறு குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு மூன்று. ஒரே 200 வாட் பல்பு வேண்டாம். மூன்றில் ஒன்று ஃபியூஸ் ஆனாலும் விடியும்வரை மற்ற இரண்டு தாங்கும். ஒற்றைப் பல்பு போனால் காலையில் மூலையில் ஒரு குவியல் கிடக்கும். பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே ஹோல்டர்களைக் கட்டி, தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டால் சூடு மேலே போகாமல் கூடைக்கு அடியிலேயே நிற்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக்கொண்டே போகலாம்.

மூன்று 60 வாட் பல்பு இருபத்து நான்கு மணி நேரமும் எரிந்தால் நாளுக்கு 4.3 யூனிட், பதினான்கு நாளுக்கு அறுபது யூனிட். வெயில் காலத்தில் பகலில் அணைத்துவிடுவதால் இதில் பாதிகூட ஆகாது.

கடைக்காரர் எல்இடி பல்பை எடுத்துக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள். 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்த வீண்தான் நமக்குத் தேவை. எல்இடியில் வெளிச்சம் இருக்கும், கதகதப்பு இருக்காது. குஞ்சுகள் அதன் அடியிலேயே நின்று விறைக்கும். குண்டு பல்பு கிடைப்பதும் வர வரக் குறைந்துகொண்டே போகிறது, அதனால் நாலைந்து உபரியாக வாங்கி வைப்பது நல்லது.

இன்ஃப்ராரெட் விளக்கு

250 வாட் சிவப்பு விளக்கு ஒன்று எழுபத்தைந்து முதல் நூறு குஞ்சுவரை தாங்கும். லிட்டரிலிருந்து ஒன்றரை அடி உயரம். காற்றைச் சூடாக்காமல் குஞ்சின் முதுகையும் தரையையும் நேராகச் சூடாக்குவதால் நாலாபுறமும் வலையடித்த கொட்டகைக்குக் குண்டு பல்பைவிட இது மேல். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தக்காயம் கண்ணில் படாது என்பதால் ஒன்றையொன்று கொத்துவதும் குறைகிறது. நாளுக்கு ஆறு யூனிட் இழுக்கும்.

கேடும் இதில்தான் அதிகம். கொட்டகை தீப்பிடிக்கும் பல சம்பவங்களில் காரணம் ஒயரிலேயே தொங்கவிட்ட விளக்கு. பிளாஸ்டிக் ஹோல்டர் இளகும், விளக்கு கடலைத்தோல் மேல் விழும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் ஹோல்டர், முன்னால் கம்பிக் கூண்டு, தொங்கவிட ஒரு சங்கிலி, அது அறுந்தால் பிடிக்க இன்னொரு கம்பி, இவ்வளவும் கட்டாயம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே மாட்டினால் தெறிக்கும் துளியில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உடையாத பல்பு என்று சொல்லி டெஃப்லான் பூச்சுப் போட்டு வரும் வகையைக் கோழிக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. அந்தப் பூச்சு சூடானால் வரும் ஆவி பறவையின் நுரையீரலுக்கு நஞ்சு.

சூட்டுத் தகடு

கால் வைத்த மேசை மாதிரி ஒரு தட்டு. குஞ்சு அடியில் நுழைந்து முதுகை ஒட்டிக்கொள்ளும், ஏறக்குறைய தாயின் வயிறு போல. ஓரடிக்கு ஓரடித் தகடு இருபது குஞ்சுக்குப் போதும். இழுப்பது இருபது முப்பது வாட்தான். இரவில் வெளிச்சம் இல்லாததால் குஞ்சு தூங்கும். பத்து இருபது குஞ்சை வீட்டு வராந்தாவில் வளர்ப்பவருக்கு இதைவிட நிம்மதியான சாதனம் இல்லை. ஆனால் இது சுற்றியுள்ள காற்றைச் சூடாக்காது. ஈரோட்டிலோ மதுரையிலோ அது ஒரு குறையே இல்லை. ஊட்டியில் பொத்தல் விழுந்த கொட்டகையில் தீனித் தட்டு வரை நடந்துபோன குஞ்சு திரும்புவதற்குள் நடுங்கிவிடும். தகட்டின் முன்பக்கக் கால்களை உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்தி வைத்தால் பெரிதும் சிறிதும் தத்தம் உயரத்துக்கு ஏற்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேஸும் கரியும்

கேஸ் புரூடர் ஐந்நூறு குஞ்சுக்கு மேல் இறக்குபவருக்கு. அதற்குக் கீழே சிலிண்டரைக் காற்றில் எரிப்பதுதான். கரண்ட் போவதைப் பற்றிக் கவலையில்லை என்பதே இதன் முழுப் பெருமை. பலர் கவனிக்காதது ஈரம்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கொட்டகைக்குள் சேர்கிறது. குளிருக்குப் பயந்து படுதாவை மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டினால் தரையில் உள்ள லிட்டர் நனைந்து அமோனியா எழும். கண் எரிகிற அளவு நெடி நமக்குத் தெரிகிறதென்றால், தரையோடு தரையாக இருக்கும் குஞ்சின் கண் ஏற்கெனவே புண்ணாகிக்கொண்டிருக்கிறது. படுதாவைக் கீழே கட்டி, மேலே ஓரடி எப்போதும் திறந்து விட வேண்டும்.

கரிச்சட்டி மலிவு, கிராமத்தில் எங்கும் கிடைக்கும், பல பண்ணைகளில் கரண்ட் போன இரவில் கைவசம் இருப்பது அதுதான். வெளியில் வைத்துப் பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கி, கங்கு சாம்பல் பூத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். குஞ்சு ஏறாதபடி சட்டியைச் சுற்றிக் கம்பி வலை, அடியில் செங்கல். புகை இல்லையே என்று கொட்டகையை அடைத்தால் அங்கேதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. குஞ்சுகள் குவியாமல், நசுங்காமல், படுத்த இடத்திலேயே தூங்கியபடி செத்துக் கிடந்து, அறுத்துப் பார்த்தால் ரத்தம் பளீரென்று சிவந்திருந்தால் காரணம் அதுவே. காவலுக்குக் கொட்டகையில் படுக்கும் ஆளுக்கும் அதே கதிதான். தினசரி ஏற்பாடாகக் கரிச்சட்டியை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு இரவைக் கடத்த வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வட்டத்துக்குள் போட்டு, தண்ணீர் ஆற ஆற மாற்றுவது அதைவிடப் பாதுகாப்பு.

அடைக்கோழி

மின்கட்டணம் கிடையாது, தெர்மாமீட்டர் வேண்டாம், தீப்பிடிக்காது. மேய்ச்சலையும் பருந்துக்குப் பதுங்குவதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கும். ஒரு தாய் பன்னிரண்டு முதல் பதினைந்து குஞ்சைத் தாராளமாக மூடும். விலையாகக் கொடுப்பது முட்டை: குஞ்சைப் பிரித்து விரட்டும்வரை, இரண்டு மாதம்கூட, அந்தக் கோழி முட்டையிடாது. வெட்டவெளியில் விட்டால் காக்கையும் கீரியும் பங்கு கேட்கும். அதனால் முதல் இரண்டு வாரம் தாயைப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்து, குஞ்சு மட்டும் இடைவெளி வழியே வெளியே வந்து தீனி தின்னும்படி வைப்பது பழைய வழக்கம். இன்றும் அதற்கு மாற்று இல்லை. தாய்க்கும் குஞ்சுத் தீவனமே போடலாம். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு தின்றால் அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இன்குபேட்டரில் பொரித்ததைத் தாயிடம் சேர்ப்பதானால் அதன் சொந்தக் குஞ்சு பொரித்த இரண்டு மூன்று நாளுக்குள், இருட்டிய பிறகு, சிறகுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். பகலில் விட்டால் நிறம் மாறிய குஞ்சைக் கொத்தியே கொல்லும் கோழிகள் உண்டு. வாரம் கழிந்த குஞ்சை எந்தத் தாயும் எளிதில் ஏற்காது. அந்தக் குஞ்சும் தாயை ஏற்காது.

இருவேறு வயது: மூன்று வழி

முதல் வழி, ஒரே வட்டத்தில் விடுவது. மூன்று நான்கு நாள் வித்தியாசம் என்றால் பெரிய கேடில்லை. பத்து நாள் என்றால் நேற்றுப் பொரித்ததற்கு 95 வேண்டும், மற்றதற்கு 90 போதும். சூட்டை ஒரு ஓரத்தில் மட்டும் வைத்து வட்டத்தை நீள்வட்டமாக இழுத்துவிட்டால் பெரியது விலகிப்போய்ப் படுக்கும், வெப்பச் சிக்கல் தீர்ந்துவிடும். தீனித் தட்டில் மிதிபடுவதும் தட்டு கூட்டினால் குறையும். தீராதது ரத்தக் கழிச்சல். பெரிய குஞ்சின் எச்சத்தில் வெளியாகும் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள லிட்டரில் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். பெரியது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று எதிர்ப்புப் பெற்றிருக்கும். புதிதாக வந்தது முதல் நாளிலிருந்தே அந்த லிட்டரைத்தான் கொத்துகிறது. மூன்றாம் வாரம் சிறகைத் தொங்கப்போட்டு நிற்கும், எச்சத்தில் ரத்தம் இருக்கும். மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயும் வளர்ந்த பறவையின் இறகுத் தூசியில்தான் வருகிறது. முதல் நாள் தடுப்பூசி போட்டிருந்தாலும் எதிர்ப்பு உருவாகச் சில நாளாகும், அந்த இடைவெளியில் பெரியதோடு சேர்த்து விட்டால் தடுப்பூசி வீண்.

இரண்டாம் வழி, ஒரே கொட்டகையில் தனித்தனிப் பெட்டி. வலைத் தடுப்பு போதாது, எச்சமும் தூசியும் தாண்டும். ஒன்றரை அடி உயரத் தகடோ அட்டையோ வேண்டும். தண்ணீர்க் கிண்ணம், துடைப்பம், செருப்பு எல்லாம் பெட்டிக்குப் பெட்டி வேறு. தினமும் சிறியதிலிருந்து தொடங்கிப் பெரியதில் முடிக்க வேண்டும். பெரியதைத் தொட்ட கையோடு சிறியதிடம் திரும்பக் கூடாது. ராணிக்கேட் எனும் வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து ஐந்து முதல் ஏழாம் நாளில், கம்போரோ நோய்க்குப் பதினான்காம் நாள்வாக்கில், ராணிக்கேட்டுக்கே மறுபடி கொடுக்கும் லசோட்டா நான்காம் வாரத்தில் என்று வயதுக்கு ஒரு கெடு இருப்பதால், பெட்டி மேல் பொரித்த தேதியைச் சாக்பீஸால் எழுதி வைத்தால் குழப்பமில்லை.

மூன்றாவது வழி சிக்கலையே எழ விடாதது: எல்லாவற்றையும் ஒரே நாளில் பொரிக்க வைப்பது. கோழி இட இட அடை வைக்காமல், முட்டையை ஏழு நாள்வரை நிழலான குளிர்ந்த இடத்தில் சேர்த்து, இரண்டு மூன்று கோழிகளை ஒரே நாளில் பத்து பன்னிரண்டு முட்டையோடு உட்கார வைக்கலாம். இருபத்தோராம் நாள் எல்லாம் சேர்ந்தே பொரிக்கும். ஒரு தாய் மூடும் அளவு குஞ்சை அதனிடமும் மீதியைப் புரூடரிலும் விட்டுவிட்டால், மற்றக் கோழிகள் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். சிறு வளர்ப்பாளருக்கு எங்கள் வாக்கு இதற்குத்தான். வாரச் சந்தைக்கு ஏற்ப வாரா வாரம் குஞ்சு விற்பவருக்கு இது ஒத்து வராது, அவர் இரண்டாம் வழியில்தான் போயாக வேண்டும்.

வான்கோழிக் குஞ்சையும் கோழிக் குஞ்சையும் மட்டும் எந்த வயதிலும் சேர்க்கக் கூடாது. கோழி சும்மா சுமக்கும் கருந்தலை நோய்க் கிருமி வான்கோழியைக் கொன்றுவிடும்.

எதில் அடைப்பது

அட்டைப்பெட்டி இருபது குஞ்சுக்கு, ஒரு வாரத்துக்கு. பிறகு அடி நனைந்து கிழியும். தூக்கி எரித்துவிடலாம் என்பதே அதன் நல்ல குணம். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டியது கழுவ வசதி, ஆனால் காற்று அடியில் தேங்கும். அடுக்குக் கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால் ரத்தக் கழிச்சல் குறைவு. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் சூடு வேறுபடும், விலையும் அதிகம். நூறைத் தாண்டினால் தரையில் வட்டத் தடுப்பே சரி. நூறு குஞ்சுக்கு ஐந்தடி விட்டம், மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, பத்தாம் நாளில் எடுத்துவிடலாம். நான்கு வாரம்வரை குஞ்சுக்கு அரை சதுர அடி, எட்டு வாரம்வரை ஒரு சதுர அடி.

லிட்டராகக் கடலைத்தோல், உமி, தேங்காய் நார்க்கழிவு எதுவும் இரண்டு அங்குலம் ஆகும். மரத்தூள் என்றால் முதல் மூன்று நாள் மேலே காகிதம் விரிக்க வேண்டும், இல்லையென்றால் தீனி என்று நினைத்துத் தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் வழுக்கும், கால் அகன்று முடமாகும். நெளிவு அட்டைதான் பிடிமானம்.

எந்தச் சாதனமானாலும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கம் காற்று நுழைகிறது, அங்கே சாக்கைக் கட்டுங்கள். பரவலாகப் படுத்துச் சன்னமாகக் கீச்சிட்டால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கை வைக்க வேண்டாம்.

சூட்டை நிறுத்தும்போது முதலில் பகலில் மட்டும், நாலைந்து நாள் கழித்து இரவிலும். நிறுத்துகிற அன்றே புதுக் கொட்டகைக்கு மாற்றினால், பழகிய வெளிச்சமும் இல்லாமல் இடமும் தெரியாமல் இரவில் மூலையில் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். மாற்றிய முதல் வாரம் நான்கு மூலைகளையும் அட்டை வளைத்து உருட்டிவிட்டு, ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள். இதற்கு எல்இடியே போதும்.