ஒரே கம்பெனியிலேயே இருப்பதா, மாறிக்கொண்டே போவதா?

ஒரே நிறுவனத்தில் நான் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பிறகு எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அதனால் இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் என்னால் பட்டும்படாமல் பதில் சொல்ல முடிவதில்லை.

முதலில் தங்கிவிடுபவர்களின் பக்கம். ‘நீ விசுவாசமாக இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பழைய வாக்கு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஐபிஎம் பல பத்தாண்டுகள் ஆட்குறைப்பே செய்யாத நிறுவனம் என்று பெயர் எடுத்திருந்தது. 1993-ல் அங்கேயே பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. வாழ்நாள் வேலைக்குப் பெயர்போன ஜப்பானில், டொயோட்டாவின் தலைவராக இருந்த அகியோ டொயோடாவே 2019-ல் அந்த முறையைத் தொடர்வது கடினமாகி வருகிறது என்றார். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பல வருடம் உழைத்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சீனியாரிட்டி கேடயம் என்று நம்பி உட்கார்ந்திருப்பது இன்று ஆபத்து.

சரி, மாறுவதுதான் புத்திசாலித்தனமா? சம்பளத்தை மட்டும் பார்த்தால், பல காலம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் 2021 நவம்பரில் மட்டும் சுமார் 45 லட்சம் பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள். அடுத்த ஆண்டு, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மாறியவர்களுக்குச் சம்பளம் வேகமாக ஏறியது. ஆனால் 2025 தொடக்கத்தில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போனதை அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் கணக்கு காட்டியது. ஆள் தேவை அதிகமாக இருக்கும்போது கிடைக்கும் லாபம், சந்தை மந்தமானால் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஆட்குறைப்பு வந்தால், கடைசியாக வந்தவர் முதலில் போவதும் நடக்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுபவர், தான் எடுத்த முடிவு மூன்றாம் வருடத்தில் என்ன ஆனது என்று பார்ப்பதே இல்லை. அவசரத்தில் எழுதிய மென்பொருள் கோட் எங்கே உடைந்தது, கறாராகப் பேசிய வாடிக்கையாளர் திரும்பி வந்தாரா, நாம் பயிற்சி கொடுத்த பையன் எப்படி வளர்ந்தான்? இதெல்லாம் இருந்து பார்ப்பவருக்கே தெரியும். நிதானம் எனக்கு அப்படித்தான் வந்தது.

ஆனால் என் பதினொரு வருடத்தில் பாதி, அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளைக் கற்பதில் போனது. இன்டர்வியூவில் அதன் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியவில்லை. அந்த நாட்கள் மிகவும் வலித்தன. கடைசியில் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டது, முன்பு என்னோடு வேலை பார்த்துவிட்டு வெளியே போன ஒரு நண்பர். நான் காட்டிய விசுவாசத்தை நிறுவனம் நினைவில் வைத்திருக்கவில்லை, அவர் வைத்திருந்தார்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது தனிமனிதர் கையில் இல்லை. டென்மார்க்கில் ஆட்களை வேலையிலிருந்து எடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். அதே சமயம், வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் உறுப்பினராக இருந்து நிபந்தனைகளையும் நிறைவேற்றியவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை உதவித்தொகை கிடைக்கும், மறுபயிற்சிக்கும் வழி உண்டு. கம்பெனி கைவிட்டாலும் வீடு நடக்கும். அந்த நிம்மதி இருந்தால் இரண்டில் எதையும் பயமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம்.

அது இல்லாத இடத்தில் என் தேர்வு இதுதான்: வீட்டில் ஒரே வருமானம் என்றால், ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேரும்வரை இருங்கள். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ரெஸ்யூமேயை வெளி ஆள் ஒருவரிடம் காட்டுங்கள். அதில் புதிதாகச் சேர்த்த வரி அவருக்குப் புரிந்தால் இன்னும் ஒரு வருடம் தங்கலாம். இரண்டு வருடமாகப் புது வரியே சேரவில்லை என்றால், சம்பளம் நன்றாகவே இருந்தாலும், தேட ஆரம்பித்துவிடுங்கள்.