ஃபியூல் பிரஷர் கேஜ் கிட் – பழைய டர்போ வண்டி வெச்சிருக்கவங்களுக்கு

என்கிட்ட இருக்கறது 2005 ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். ஊருக்குள்ள ஓட்டுனா ஒரு குறையும் தெரியாது, ஆனா ஏற்காடு ஏறும்போது மூணாவது கியர்ல நல்லா மிதிச்சா பூஸ்ட் (டர்போ அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ற காத்து) வர்ற நேரத்துல திணறும், செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேன் பண்ணா P0171, அதாவது போற காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தல. காட்டின இடத்துல டர்போ போயிடுச்சுன்னு சொன்னாங்க. மனசு ஒப்பல, அதனால ஆன்லைன்ல 1,450 ரூபாய்க்கு இந்த கிட்டை வாங்கினேன், எஞ்சினுக்குப் போற பெட்ரோலோட பிரஷரை முள்ளுல காட்டற மீட்டர் இது.

ஐடில்ல, அதாவது வண்டி நின்னு எஞ்சின் சும்மா ஓடறப்ப, 2.5 பார். பெட்ரோல் பிரஷரை கட்டுப்படுத்தற ரெகுலேட்டர்ல இருக்கற வேக்கம் ஹோஸை கழட்டினா 3 பார். எஞ்சினை ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சும் பெருசா இறங்கல. நிறைய பேர் இதோட பிரஷர் ஓகேன்னு முடிச்சிடுவாங்க, தப்பே இங்கதான் நடக்குது. டர்போ வண்டில ரெகுலேட்டர் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்கு காத்து போற குழாய்) பிரஷரை பார்த்துதான் வேலை செய்யும், 0.6 பார் பூஸ்ட் வந்தா அந்த 3 பாரோட அதுவும் சேர்ந்து ரெயில்ல (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற குழாய்) 3.6 இருக்கணும், அத ஓட்டித்தான் பார்க்க முடியும். கேஜை பானெட் இடுக்கு வழியா வெளிய எடுத்து கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். தயவுசெஞ்சு யாரும் கேஜை வண்டிக்குள்ள கொண்டு வராதீங்க, அதோட ஹோஸ்ல இருக்கறது பிரஷர்ல நிக்கற பெட்ரோல்.

தம்பி ஓட்டினான், நான் பக்கத்துல உக்காந்து முள்ளையே பார்த்துட்டு வந்தேன். பூஸ்ட் ஏற ஏற முள்ளு கீழ இறங்குது, 2.3க்கு வந்துடுச்சு! இப்படியே விரட்டி ஓட்டியிருந்தா லீன் ஆகி, அதாவது காத்து அதிகமாவும் பெட்ரோல் கம்மியாவும் ஆகி, பிஸ்டனே உருகியிருக்கலாம், நெனச்சாலே பகீர்னு இருக்கு.

ஃபில்டர் மாத்தினேன், கொஞ்சம்தான் ஏறுச்சு. அடுத்து டேங்க்ல இருக்கற ஃபியூல் பம்ப் புதுசா வாங்கலாம்னு இருந்தப்ப தம்பிதான் முதல்ல கரண்ட் ஒழுங்கா வருதான்னு பாருன்னான். பின் சீட்டுக்கு அடியில பம்ப் கனெக்டர்ல இருந்து ரெண்டு ஒயர் இழுத்து முன்னாடி மல்டிமீட்டர்ல வெச்சு அதே ஏத்தத்துல ஓட்டினோம். பேட்டரில 14 வோல்ட், பம்புக்கு வர்றது 10.4. ஒயரை தடவிட்டே போனா, எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் காலத்துல யாரோ அலாரம் மாட்டி பம்ப் ஒயரை வெட்டி ஒரு சின்ன கட் ஆஃப் ரிலேல (திருடினா பம்புக்கு கரண்டை நிறுத்தற சுவிட்ச்) முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்காங்க, அந்த ஜாயின்ட் கருகிப்போய் கெடக்கு. பம்ப் அதிக பிரஷர் குடுக்கணும்னா அதிக கரண்ட் இழுக்கும், இழுக்க இழுக்க அந்த ஜாயின்ட்லயே வோல்டேஜ் காணாம போகுது. ஐடில்ல தெரியாததுக்கு காரணம் அதான். ரிலேய தூக்கிட்டு ஒயரை சால்டர் பண்ணோம், இப்ப அதே பெண்டுல 3.6 அசையாம நிக்குது. புது பம்பும் வேணாம், புது டர்போவும் வேணாம்.

கிட் பத்தி சொல்லணும்னா, முள்ளு நம்பலாம், டயர் கடை கம்ப்ரசர்ல வெச்சும் பார்த்துட்டேன். பிரஷர் ரிலீஸ் பட்டன் ரொம்ப உபயோகம், கழட்டும்போது பெட்ரோல் மூஞ்சில பீச்சாம பாட்டில்ல இறங்கிடும். ஆனா டயல் 10 பார் வரைக்கும் இருக்கறதால 0.2 வித்தியாசத்தை உத்துப் பார்க்கணும், 7 பார் டயல் கெடச்சா அதையே எடுங்க. கூட வர்ற ஹோஸ் கிளிப்பு மட்டும் சுத்தமா சரியில்ல, முதல் தடவையே கசிஞ்சுது, நல்ல கிளிப்பு தனியா வாங்கிப் போட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும், பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கட்டாயம் இருக்கட்டும். 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு போனது கிளிப்புக்காக.