வெளியீட்டை முடிவுசெய்வது யார்: அப்பாச்சியும் டெபியனும்

கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்கள் எதுவும் வாக்கெடுப்பு இன்றிப் புதிய பதிப்பை வெளியிட முடியாது. மூல நிரல் தொகுப்பு முன்வைக்கப்பட்டதும் வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் வாக்களிப்பு நடைபெறும். திட்ட மேலாண்மைக் குழுவினரின் ஆதரவு வாக்குகள் 3 கிடைத்து, அவை எதிர்ப்பைவிட மிகுந்திருந்தால் பதிப்பு வெளிவரும். நிரல் மாற்றமொன்றைத் தனியொருவர் தடுக்கலாம். வெளியீட்டை அவ்வாறு தடுக்க இயலாது. ஆதரிப்பவர் அத்தொகுப்பைத் தம் கணினியில் இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, தாமே கட்டமைத்துச் சோதித்திருக்க வேண்டும் என்ற விதியே இம்முறையின் உயிர் என்று கருதுகிறேன், ஏனெனில் அங்கே வாக்கு என்பது கருத்து மட்டுமன்று, செய்துமுடித்த வேலைக்கான சான்றும் ஆகும்.

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனை உருவாக்கும் திட்டத்திலும் வாக்கெடுப்பு உண்டு. தலைவரையும் முக்கியக் கொள்கைகளையும் அதன் உறுப்பினர்கள் விருப்ப வரிசைப்படி வாக்களித்துத் தீர்மானிக்கின்றனர். கட்டற்றதல்லாத, அதாவது திருத்தவும் பகிரவும் முழு உரிமை தராத, வன்பொருள் இயக்க நிரல்களை (firmware) டெபியனை நிறுவும் மென்பொருளில் சேர்க்கலாம் என 2022இல் அவ்வாறு முடிவாகி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் நடைமுறைக்கு வந்தது. வெளியீட்டு நாளை மட்டும் வாக்குக்கு விடுவதில்லை. வெளியீட்டுக் குழு புதிய மாற்றங்களை ஏற்பதைப் படிப்படியாக நிறுத்தி, வெளியீட்டைத் தடுக்கும் பிழைகள் போதுமான அளவு குறைந்த பின்னரே நாளைக் குறிக்கிறது.

பல்லாயிரம் மென்பொருள் பொதிகளை எந்த வாக்காளராலும் முழுமையாகச் சோதிக்க இயலாது என்பதால் டெபியனுக்குக் குழுவே நாள் குறிக்கும் முறை பொருந்துகிறது. சிறிய திட்டத்துக்கு நான் அப்பாச்சி வழியையே பரிந்துரைப்பேன், நேரம் ஒதுக்கிச் சோதிக்கும் மூவர் அங்கே இருந்தால்.