குசினிக்கு மலிவு எமல்ஷன் வாங்கலாமா?

பொங்கலுக்கு முதல் குசினிக்கு அடிப்பதற்காகப் பரந்தனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 4 லீற்றர் வாளி ஒன்று வாங்கினேன். மலிவு எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ப் பெயின்ட், வெள்ளை. பெயர் வேண்டாம், அந்த விலையில் விற்கிற வாளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாதிதான். 2022க்குப் பிறகு பெயின்ட் விலை ஏறிய ஏற்றத்தில், பேர்போன கம்பனி வாளியின் பாதி விலைக்கு ஒரு வாளி கிடைக்கிறதென்றால் கை தானாகப் போகும்.

என் குசினி எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, சீமெந்துக் கல் சுவர். விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு மூலையில் விறகடுப்பு, பக்கத்தில் காஸ். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற 2022இல் விறகுக்குப் போனவள், இன்னும் பாதிதான் திரும்பி வந்திருக்கிறேன். ஆகவே ஆவி, புகை, எண்ணெய், மஞ்சள் எல்லாம் நாளாந்தம் சுவரில் படுகிறது.

அடிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ரோலர் இலகுவாக ஓடியது, மணம் குறைவு, கெதியாகக் காய்ந்தது. "அக்கா, இதுக்குத் தண்ணி கலக்கத் தேவையில்லை, கம்பனிக்காரனே கலந்துதான் விட்டிருக்கிறான்" என்று அடிக்க வந்த தம்பி சிரித்தான். ஈரமாக இருக்கையில் பழைய புகைக்கறை உள்ளே தெரிந்தது. காயக் காய மறைந்தது. இரண்டாம் கோட்டோடு சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. பொங்கலுக்கு வந்த சனமெல்லாம் என்ன பெயின்ட் என்று கேட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. இடியப்பம் அவிக்கிற நேரம் ஆவி படிந்தால் வெள்ளை மங்கி, அடியில் கிடக்கும் கறை திட்டுத்திட்டாக மேலே தெரியும். வெயில் ஏறிச் சுவர் காய்ந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப வெள்ளையாகிவிடும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. நல்ல எமல்ஷனில் சுவரை மறைப்பது டைட்டேனியம் டயொக்சைட் என்ற வெள்ளைத் தூள்; தூளைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பது அக்ரிலிக் போன்ற பிசின். விலை கூடியவை இவை இரண்டும்தான். விலையைக் குறைக்க இவற்றைக் குறைத்துச் சுண்ணக்கல் தூளைக் கூட்டுகிறார்கள். பிசின் போதாததால் தூளுக்கு இடையில் சின்னச் சின்ன காற்று இடைவெளிகள் நிற்கும். காய்ந்த சுவர் வெள்ளையாகத் தெரிவதில் அந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு. அதற்குள் ஈரம் புகுந்தால் வெள்ளையும் போய்விடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க ஏலாதது துடைப்பு. அடுப்புக்குப் பின்னால் தாளிதம் தெறித்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை, பெயின்ட் வந்தது. துணியில் சோக்குத் தூள், சுவரில் வழுக்கை. சவர்க்காரம் போட்டால் வழுக்கை இன்னும் பெருக்கும். குசினிச் சுவரைத் துடைக்க முடியாதென்றால் பிறகு எதற்குப் பெயின்ட்? பழைய சுண்ணாம்பு இதைவிட மலிவு. கறுத்தால் அடுத்த பொங்கலுக்கு இன்னொரு தரம் அடிப்போம், அவ்வளவுதான்.

நியாயமாகப் பேசினால், எல்லாவற்றையும் வாளியின் தலையில் கட்ட முடியாது. விறகடுப்புப் பக்கம் மண்ணிறக் கறை ஊறி வந்தது புகையின் குணம். புகைக்கறை தண்ணீரில் கரைந்து, தண்ணீர்ப் பெயின்ட் எதுவானாலும் மேலே ஏறி வரும். கழுவிக் காயவிட்டு, எண்ணெய்ப் பெயின்டின் அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒன்று அடித்தால்தான் நிற்கும். நிலத்தோடு ஒட்டிய பகுதியில் உப்புப் பூத்து உரிந்ததும் அப்படித்தான். சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த ஈரம் காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. விலை கூடிய பெயின்டும் அங்கே நிற்காது. எங்கள் ஊரில் எல்லாரும் பொங்கலுக்கென்று மார்கழியில்தான் அடிக்கிறோம், சுவர் மாரி மழையில் ஊறிக் கிடக்கிற மாதத்தில். சித்திரைக்குப் பிறகு சோளகம் வீசுகிற காலத்தில் அடித்தால் பாதிப் பிரச்சினை குறையும். ஆனால் யார் கேட்கிறார்கள்?

உண்மையான செலவு வருவது திருத்தும்போது. சரி, மேலே நல்ல பெயின்ட் ஒரு கோட் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பி மறித்துவிட்டான். தூள் பறக்கிற சுவரில் நல்ல பெயின்ட் சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். காய்ந்து இறுகும்போது அடியில் உள்ளதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாளமாக உரியும். சுரண்டி, சாண்ட்பேப்பர் போட்டு, தூசு துடைத்து, மிச்சத் தூளை இறுக்கிப் பிடிக்கிற சீலர் அடித்த பிறகுதான் புதுப் பெயின்ட். அடுப்புப் பக்கத்துச் சுவரை மட்டும் அப்படிச் செய்தோம். அவனுடைய கூலி, சீலர், கழுவக்கூடிய எமல்ஷன் என்று பார்த்தால், மலிவு வாளியில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு சுவரோடு போய்விட்டது. இப்போது அந்தச் சுவரில் லேசான மினுக்கம் உண்டு. மாமிக்கு அது பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். எண்ணெய் தெறித்தால் ஒரு துடைப்பில் போகிறது, எனக்கு அது போதும்.

வாளியை முழுதாகக் குப்பை என்று சொல்லமாட்டேன். சீலிங், சாமான் அறை, கை படாத சுவர், வாடகைக்கு விடப்போகிற அறை என்றால் தாராளமாக வாங்கலாம். அடுப்பு இருக்கிற அறைக்கு வேண்டாம். கடையில் வாளியைத் தூக்க முதல், அதே பெயின்ட் அடித்துக் காய்ந்த சுவர் எங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கடையின் பின்பக்கச் சுவருக்கே அதைத்தான் அடித்திருப்பார்கள். கறுப்புத் துணியால் ஒரு தரம் தேய்த்துப் பாருங்கள். துணி வெளுத்தால் விலை கேட்கத் தேவையில்லை.