பறந்த பூஸ்டரில் செயற்கைக்கோள் அனுப்புவது: வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து

தொலைத்தொடர்பு செயற்கைக்கோள் இயக்கும் நிறுவனங்களுக்காக ஏவுதல் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. ஏற்கெனவே பறந்து திரும்பிய பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதியை, நம்பலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தாராளமாக நம்பலாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

2017 மார்ச் 30 அன்று எஸ்இஎஸ்-10 செயற்கைக்கோள் புறப்பட்டபோது நிலைமை இப்படி இல்லை. அதைத் தூக்கிய, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர், அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்கான சரக்கை ஏற்றிவிட்டு வந்து கடலில் மிதக்கும் தளத்தில் இறங்கியது. செகண்ட் ஹேண்ட் ராக்கெட்டா என்று அன்று கேட்காத ஆளில்லை. 2024 நவம்பரில் நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோளும் ஒரு ஃபால்கன் 9இல் போனதே, அதைத் தூக்கிய பூஸ்டருக்கு அது 19ஆவது பயணம். 4,700 கிலோ எடை, நம் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் அப்போது தாங்கியது சுமார் 4,000 கிலோ என்பதால் ஃபுளோரிடா போக வேண்டியிருந்தது. பூஸ்டரின் வயதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. 2015 ஜூனில் ஃபால்கன் 9 நடுவானில் சிதறியது, 2016 செப்டம்பரில் ஏவுதளத்திலேயே அமோஸ்-6 செயற்கைக்கோள் எரிந்தது, 2024 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வீணானது, மூன்றிலும் கோளாறு பூஸ்டருக்கு மேலே இருக்கும் இரண்டாம் கட்டத்தில். அது ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாக வருவது!

சரி, விலை? பூஸ்டர் திரும்பி வந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 6.2 கோடி டாலராக இருந்த ஃபால்கன் 9 பட்டியல் விலை 2022இல் 6.7 கோடி ஆனது. மிச்சமான பணம் ஏவுபவர் பையில்தான். நமக்குக் கிடைத்தது தேதி. புது பூஸ்டர் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏவுதளத்தில் வானம் தெளிவாக இருந்தாலும், பூஸ்டர் இறங்கும் இடத்தில் கடல் கொந்தளித்தால் நாள் தள்ளிப்போகலாம். நம் செயற்கைக்கோளுக்கும் அந்த அலைக்கும் என்ன சம்பந்தமோ!

முக்கியமான விஷயம் எரிபொருள். இறங்குவதற்கென்று பூஸ்டர் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு நமக்குக் கிடைக்கும் உந்துதல் குறையும். 2018 ஜூலையில் போன டெல்ஸ்டார் 19 வான்டேஜ் செயற்கைக்கோளைப் பாருங்கள். ஏழு டன்னுக்கு மேல் எடை, பூஸ்டரும் பத்திரமாக இறங்கியது. ஆனால் செயற்கைக்கோளை விட்ட பாதையின் உச்சி சுமார் 18,000 கி.மீ.தான், போக வேண்டியதோ 35,786 கி.மீ. உயரத்துக்கு. மீதி வேலை அதன் சொந்த எஞ்சின் தலையில். அதற்கேற்ப எரிபொருளை நிரப்பித்தான் அனுப்பினார்கள், அதனால் கணக்கு சரியாக வந்தது. அப்படித் திட்டமிடாத செயற்கைக்கோள் என்றால், ஏறுவதற்குச் செலவாகும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் பின்னால் ஆயுளில் கழியும். பதினைந்து வருடம் சம்பாதிக்க வேண்டிய பொருள் அது.

ஆகவே ஒப்பந்தத்தில் பூஸ்டர் எத்தனை முறை பறந்தது என்ற பக்கத்தை வேகமாகப் புரட்டுங்கள். பிரித்துவிடும் பாதையின் உயரம், சாய்வு, அங்கிருந்து மேலே போக எவ்வளவு டெல்டா-வி, அதாவது வேக மாற்றம், வேண்டும் என்ற பக்கத்தில் உட்காருங்கள். கணக்கு இடித்தால், பூஸ்டர் திரும்ப வேண்டாம் என்று பேசிப் பார்க்கலாம். 2017 ஜூலையில் 6,761 கிலோ எடையுள்ள இன்டெல்சாட் 35இ செயற்கைக்கோள் அப்படித்தான் போனது. அந்த பூஸ்டருக்கு இறங்குகால்களே பொருத்தவில்லை.